பதினெட்டு வருடத் தையல்

பிப்ரவரி 11

பாப்பாக்கா,

நீங்கள் போனை எடுப்பதில்லை. அது அடிக்க அடிக்க, ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் அதை முறைத்துப் பார்ப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. அதனால் எழுதுகிறேன். கரண்டு பில்லையே இரண்டு தடவை படிக்கிறவர் நீங்கள், கடிதத்தைப் பிரிக்காமல் இருக்க உங்களால் முடியாது.

உங்கள் தம்பி போய் இன்றைக்கு முப்பத்திரண்டு நாள். கிரேன் வேலைக்குக் கிளம்பச் சட்டையில் ஒரு கையை நுழைத்தவர், இன்னொரு கையை நுழைக்காமலே கட்டிலில் உட்கார்ந்தார். "என்னங்க, கிரேன் உங்களுக்காக நிக்குமா?" என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்தேன். பதில் வரவில்லை. அவ்வளவுதான். அந்தச் சட்டையை இன்னும் துவைக்கவில்லை. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவள் நான். ஊரார் துணியெல்லாம் என் கையைத் தாண்டித்தான் போகிறது. இந்த ஒரு சட்டைக்குக் கை போக மாட்டேன் என்கிறது.

அவரை இங்கேயே அடக்கம் செய்ததற்காக நீங்கள் கடைசியாகப் போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. "என் தம்பிய அங்க போட்டுட்டே இல்ல, நீயும் அங்கயே கிட" என்றீர்கள். கிடக்கலாம் என்றுதான் நானும் பார்க்கிறேன், பாப்பாக்கா. விட மாட்டேன் என்கிறார்கள்.

குடியேற்ற அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. இத்தனை நாள் நான் இங்கே இருந்தது அவருடைய வேலை அனுமதியைப் பிடித்துக்கொண்டு. அவர் போனதால் எனக்கு ஆறு மாதம் அவகாசம். ஜூலை பத்தாம் தேதிக்குள் கிளம்ப வேண்டும். இல்லையென்றால் குடியுரிமைக்குச் சொந்தமாக மனுப் போட வேண்டும். அதற்குப் பதினெட்டு வருடம் விடாமல் இங்கே வசித்தேன் என்று காட்ட வேண்டும், வருடத்துக்கு ஒரு அத்தாட்சி. நான் வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. இதில் என்ன கஷ்டம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

வீட்டைத் தலைகீழாகப் புரட்டிவிட்டேன். வாடகைச் சீட்டு அவர் பெயரில். கரண்டு, தண்ணீர், வங்கி எல்லாம் அவர் பெயரில். நான் படம் பார்ப்பதற்காக நூலகத்தில் எடுத்த புத்தகம்கூட அவர் பெயரில்தான் இருக்கிறது.

ஒரு உதவி வேண்டும். நாங்கள் உங்களுக்குப் போட்ட கடிதங்களின் கவர்களை நீங்கள் எறிந்திருக்க மாட்டீர்கள். அனுப்புநர் என்ற இடத்தில் என் பெயர் உள்ள கவர் கிடைத்தால் அனுப்புங்கள். திட்ட வேண்டும் என்றால் அதையும் உள்ளே எழுதி வையுங்கள். படித்துக்கொள்கிறேன்.

சிட்டு

பிப்ரவரி 27

சிட்டு,

கவர்கள் நாற்பத்து மூன்று இருக்கின்றன. மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் தம்பி பெயர். கடிதத்தின் அடியில் "சிட்டு நலம்" என்று எழுதியிருக்கிறான். நீயே எழுதிய கடிதங்களுக்கும் கவரின் மேல் அவன் கையெழுத்துதான். சிட்டு என்ற பெயரை எந்த அலுவலகத்தில் ஒப்புக்கொள்வார்கள்?

திட்டை உள்ளே எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

வந்துவிடு. கடைக்கு மேலே உள்ள அறையைச் சுத்தம் செய்தாயிற்று. ஜன்னலுக்குக் கொக்கி மாட்டியாயிற்று. அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள்? பிள்ளையா, குட்டியா? ஆஸ்பத்திரிக் கிழிசல் தைக்கத்தான் இருக்கப்போகிறாய் என்றால், இங்கே மட்டும் துணி கிழிவதில்லையா?

காகிதத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். என் கடைக்கு வராத சான்றிதழ் இந்த ஊரில் கிடையாது. எங்கள் தாத்தா கூலிக்குப் போன நாட்டில்தான் அப்பா பிறந்தார், நாங்களும் பிறந்தோம். அப்பாவிடம் பதினோரு காகிதம் இருந்தது. ஒன்றிலும் தப்பில்லை. பன்னிரண்டாவதாக ஒரு காகிதம் வந்தது, உங்கள் நாட்டுக்குப் போங்கள் என்று. எது எங்கள் நாடு என்று அப்பாவுக்கே தெரியாது. படத்தில்கூடப் பார்த்ததில்லை. எனக்குப் பதினொரு வயது, தம்பிக்கு ஐந்து. "எப்பக்கா வீட்டுக்குப் போவோம்?" என்று கப்பல் முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தான். இறங்கிய பிறகும் கேட்டான்.

கேட்டு வாங்குகிற நாடு நாடே இல்லை. கொடுத்த கை எப்போது வேண்டுமானாலும் பிடுங்கும். அவர்கள் அனுப்புவதற்கு முன்னால் நீயாகக் கிளம்பி வந்தால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும்.

சாப்பிடுகிறாயா இல்லையா, அதை எழுதவில்லை.

பாப்பாக்கா

மார்ச் 16

பாப்பாக்கா,

சாப்பிடுகிறேன். ஒருத்திக்கு அளவாகச் சமைக்க இன்னும் வரவில்லை. மிச்சமாகிறது.

அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி அம்மா. என் பழைய பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போதே வாங்கிக்கொண்டுவிட்டார்கள், புதியதில் முத்திரையே கிடையாது. அதனால் அவருடைய அனுமதிச் சீட்டுகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போனேன். ஒவ்வொன்றிலும் "உடன் வசிப்பவர்: ஒருவர்" என்று இருக்கிறது.

"அனுமதி இருந்திருக்கு, சரி. நீங்க இருந்தீங்களா?" என்றார் அந்த அம்மா.

"இல்லாம? அவருக்கு யாரு சமைச்சுப் போட்டா?"

"அனுமதிய வாங்கி வச்சிட்டு ஊர்லயே இருந்துக்கறவங்க நிறையப் பேரும்மா. இந்த ஒருவர் நீங்கதான்னு நான் எதை வச்சு எழுதறது?"

"என்னைப் பாத்து எழுதுங்களேன்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் கெட்டவர் இல்லை. ஒரு தாளில் பதினெட்டுக் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு வருடமாக எழுதிக் கொடுத்தார். "எதுவானாலும் கொண்டாங்க. அதுல வருஷம் இருக்கணும், நீங்க இருக்கணும்" என்றார்.

சலவைக்கூடத்தில் கேட்கலாம் என்றால் அங்கேயும் என் பெயர் இல்லை. என்னைச் சேர்த்துவிட்ட அன்றைக்கே உங்கள் தம்பி காண்டிராக்டரிடம், "பேரெல்லாம் வேணாங்க, நம்பர் போட்டுக்குங்க" என்றார். அன்றிலிருந்து நான் பதினேழு. காண்டிராக்டர் மூன்று பேர் மாறிவிட்டார்கள். பழைய பதிவேடு யாரிடமும் இல்லை. ஏன் பாப்பாக்கா, என் பெயரை எங்கேயுமே போடாமல் விட்டார் அவர்? வெட்கமா? என்னை நம்பவில்லையா? செத்தவரோடு எப்படிச் சண்டை போடுவது? சட்டையைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் கூடத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. எங்கள் பாய்லர்காரர் முப்பது வருடத்துக்கு முன்னால் எங்களைப் போலவே வந்து குடியுரிமை வாங்கியவர். அவர் சொல்கிறார், "வந்தவரைக்கும் போதும்மா. இனிமே கதவைச் சாத்தணும். உள்ள இடம் இல்ல." மடிப்பு மேசையில் என் எதிரே நிற்கிறவள் இந்த ஊரிலேயே பிறந்தவள். அவள் வேறு மாதிரி சொன்னாள். "உன்மேல எனக்குக் கோவம் இல்ல பதினேழு. ஆனா நீங்கள்லாம் வந்து வெறும் நம்பரா வேலை செய்ய ஒத்துக்கிட்டீங்க. எங்கம்மா இதே மேசையில நின்னப்ப இந்த வேலைக்குப் பேரு இருந்துச்சு, லீவு இருந்துச்சு." அவள் சொன்னது நிஜம்.

இன்னொன்று. உங்கள் மனம் நோகும் என்று சொல்லாமல் வைத்திருந்தேன். போன வருடம் கிரேன் பிரிவில் ஒருவர் இறந்து, பெட்டியில் ஊருக்குப் போனார். அன்றைக்கு உங்கள் தம்பி என்னிடம் சொன்னார், "என்னை ஒருதரம் அனுப்பினது போதும். செத்தப்புறமும் அனுப்பிடாதே." அதனால்தான் இங்கேயே அடக்கம் செய்தேன்.

நானும் வர மாட்டேன் என்று சொல்லவில்லை. வருவேன். யாரோ அனுப்பி வர மாட்டேன்.

கட்டம் பதினெட்டும் காலி. சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

சிட்டு

ஏப்ரல் 2

சிட்டு,

தம்பி சொன்னதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் நீ. சொல்லியிருந்தாலும் அன்றைக்கிருந்த கோபத்தில் நான் நம்பியிருக்க மாட்டேன். இப்போது நம்புகிறேன். அது அவன் பேச்சுதான். கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் ஷட்டரைத் தூக்கவில்லை. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் வந்து தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

உன் பெயரை அவன் ஏன் போடவில்லை என்று கேட்டிருக்கிறாய். வெட்கம் இல்லை. உன்னை நம்பாமலும் இல்லை. அதற்கு மேல் என்னைக் கேட்காதே.

இங்கேயும் இப்போது இதே பேச்சுதான். ஆற்றுப் பாலம் கட்ட எங்கிருந்தோ ஆட்கள் வந்திருக்கிறார்கள். எங்கள் பின்பக்கத்து வரிசை வீடுகளில் அறைக்கு எட்டுப் பேர், சில வீட்டில் குழந்தை குட்டியோடு. குழாயடியில் அவர்கள் குடம்தான் முதலில் நிற்கிறது. புரியாத பாஷையில் சிரிக்கிறார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ என்று தோன்றுகிறது. தெருவே சேர்ந்து இவர்களைக் காலி செய்யச் சொல்லி வார்டு அலுவலகத்துக்கு மனுக் கொடுத்தது. நானும் கையெழுத்துப் போட்டேன். அந்த மனுவை ஜெராக்ஸ் எடுத்ததே என் கடையில்தான். நானே சொல்லிவிடுகிறேன். யார் மூலமாவது கேள்விப்பட்டால் நீ கேலி பேசுவாய்.

உங்கள் பாய்லர்காரர் சொல்வதில் என்ன தப்பு? ஒரு வீட்டில் எத்தனை பேர்தான் படுக்க முடியும்?

அறை தயாராகவே இருக்கிறது.

பாப்பாக்கா

ஏப்ரல் 25

பாப்பாக்கா,

உட்கார்ந்து படியுங்கள். நின்றுகொண்டு படித்தால் தலை சுற்றும்.

எங்கள் கூடத்தில் பழைய விதி ஒன்று உண்டு. கிழிசல் தைக்கிறவள், தைத்த துணியின் ஓரத்தில் சிவப்பு நூலால் தன் நம்பரையும், அதற்குக் கீழே வருடத்தின் கடைசி இரண்டு எண்ணையும் தைக்க வேண்டும். பெருமைக்காக இல்லை. தையல் பிரிந்தால் யாரைத் திட்டுவது என்று தெரிய வேண்டுமாம். திட்டு வாங்குவதற்காகவே பதினெட்டு வருடமாக நான் என்னைத் தைத்துத் தைத்து வைத்திருக்கிறேன். அதையே அத்தாட்சியாகக் காட்டலாம் என்ற யோசனை என் மண்டைக்கு வரவில்லை. மடிப்புக்காரிக்கு வந்தது.

"ஏய் பதினேழு, நீ இங்க இருந்தியான்னு கேக்கறாங்களாம்ல? உன் நம்பர் மேல படுக்காத நோயாளி இந்த ஆஸ்பத்திரில உண்டா?" என்றாள். கையில் ஒரு போர்வை. ஓரத்தில் என் பதினேழு. கீழே ஒன்பது வருடத்துக்கு முந்தைய எண்.

பொறுப்பாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, சாப்பாட்டு இடைவேளையில் இரண்டு பேரும் கீழ்த்தளக் கிடங்கில் இறங்கிவிடுவோம். ஆஸ்பத்திரியில் துணி லேசில் சாகாது. கட்டில் விரிப்பு நைந்தால் வெட்டித் தொட்டில் விரிப்பு ஆக்குவோம். அதுவும் நைந்தால் தலையணை உறை. ஆனால் எண் தைத்த ஓரத்தை மட்டும் வெட்டக் கூடாது. வெள்ளம், தீ என்று ஏதாவது வந்தால் எடுக்கவென்று கட்டி வைத்த கம்பளிப் போர்வைகள்தான் பெரிய புதையல். ஒரே மூட்டையில் நான்கு வருடம் கிடைத்தது. மூக்கெல்லாம் தூசி. மடிப்புக்காரி தும்மிக்கொண்டே ஒவ்வொரு வருடமாகக் கத்துவாள், ஏலம் போடுகிற மாதிரி. நான் வீட்டுக்கு வந்து கட்டத்தில் குறி போடுவேன்.

பதினேழு கட்டம் நிறைந்துவிட்டது. முதல் வருடம் மட்டும் இல்லை. மூன்று நாள் தேடினோம். அது இல்லையென்றால் மற்ற பதினேழும் இருந்து பயனில்லை.

நான்காம் நாள் பாய்லர் அறைக்கு வெந்நீர் பிடிக்கப் போனேன். பாய்லர்காரர் தன் நாற்காலியிலிருந்து எழுந்து வால்வைத் திருகப் போனார். நாற்காலியில் அவர் போட்டிருக்கிற மெத்தைக்கு உறை பழைய போர்வைத் துணி. ஓரத்தில் சிவப்பாக ஏதோ. குனிந்து பார்த்தேன், பாப்பாக்கா. என் முதல் வருடம். கதவைச் சாத்தச் சொல்கிறவர் இத்தனை நாளாக அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்!

"அண்ணே, நீங்க உக்காந்திருக்கறது என் குடியுரிமை மேல."

மடிப்புக்காரி வந்து விளக்கினாள். அவர் மெத்தையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் சொன்னது இனிமே வர்றவங்களப் பத்தி. நீ வந்தவ" என்றார்.

"நீங்க வந்தப்பவும் யாராவது இதையேதான சொல்லியிருப்பாங்க?"

"சொன்னாங்க. அதான் எனக்கு மனப்பாடமா வருது." உறையைக் கழற்றி, தட்டி, மடித்து என் கையில் கொடுத்தார். "இனிமே நான் எதுமேல உக்கார்றது?" என்று முனகிக்கொண்டார். புதிதாக ஒன்று தைத்துக் கொடுத்துவிட்டேன்.

மடிப்புக்காரி சாட்சி சொல்ல வருகிறாள். "ஆள் வர்றது சரின்னு நான் இப்பவும் சொல்லல. ஆனா நீ இருந்தது இருந்ததுதான. அதுக்கு நான் பொய் சொல்ல முடியாது" என்றாள்.

உங்கள் மனுவைப் பற்றி. கேலி பேச மாட்டேன். ஒன்று மட்டும். இங்கே எங்களை அனுப்பச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறவரும் யாருக்கோ ஒரு பாப்பாக்காவாகத்தான் இருப்பார்.

விசாரணை மே 28.

சிட்டு

மே 12

சிட்டு,

வார்டு அலுவலகத்திலிருந்து ஒரு ஆள் வந்தான். நாங்கள் கொடுத்த மனுவினால் வந்தவன். கையில் நோட்டு. "அம்மா, இந்தத் தெருவுல உங்களுக்குத் தெரியாத ஆளே இல்லையாமே. பின்னாடி இருக்கறவங்க பேரு, வயசு, எத்தனை குழந்தைங்க, சொல்லுங்க எழுதிக்கறேன்" என்றான்.

எனக்குக் காது கேட்காது என்று கையைக் காட்டினேன். அவன் கத்திக் கேட்டான். வாயும் பேசாது என்று காட்டினேன். பாவம், நெற்றியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். மறுநாள் காய்காரனோடு நான் தெருவே அதிரச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நிற்கிறான். "காது வந்துடுச்சாம்மா?" என்றான்.

நீ சிரித்திருப்பாய். சிரித்துக்கொள். இனி எழுதப்போவதற்குச் சிரிக்க மாட்டாய்.

நாங்கள் பிறந்த ஊரில் இப்படித்தான் ஒருவன் நோட்டோடு வந்தான். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். வாசலில் நான் தம்பிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். "நல்லாப் படிக்கற பொண்ணாட்டம் இருக்கியே. வீட்ல யார் யாருன்னு சொல்லு பாக்கலாம்" என்றான். சொன்னால் போதாது என்று நோட்டை வாங்கி நானே எழுதினேன். அப்பா, அம்மா, நான், தம்பி. வயதோடு. அவன் பார்த்துவிட்டு, "முத்து முத்தா இருக்கு கையெழுத்து" என்றான். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

அடுத்த வீட்டில் அவன் கதவைத் தட்டும்போது அவர்கள் பின்பக்கமாகப் போய் ஒளிந்துகொண்டார்கள். அவர்கள் பெயர் பட்டியலில் வரவில்லை. அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்கள்.

அப்பாவிடமும் அம்மாவிடமும் கடைசிவரை நான் சொல்லவில்லை. தம்பியிடம் மட்டும், உன்னைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது சொன்னேன். "உன் பேரைக் குடுத்துத்தான் ஆகணும். அவ பேரை எங்கயும் குடுத்துடாதே. லிஸ்ட்ல இல்லாத ஆளை யாராலயும் அனுப்ப முடியாது." அவன் உன் தலையில் கை வைக்காத குறையாக எனக்குச் சத்தியம் செய்து கொடுத்தான். செய்தபடியே இருந்துவிட்டுப் போய்விட்டான்.

உன் பெயரை இல்லாமல் ஆக்கியது அவன் இல்லை. நான்.

இதற்குமேல் நீ எழுதாவிட்டாலும் எனக்குப் புரியும்.

பாப்பாக்கா

ஜூன் 1

பாப்பாக்கா,

உங்கள் கடிதம் விசாரணைக்கு முதல் நாள் வந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வரவில்லை. கோபமா, வேறு ஏதாவதா என்றும் தெரியவில்லை. அது இருக்கட்டும். நடந்ததை எழுதுகிறேன்.

நீளமான மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் அந்தக் கட்டம் போட்டுக் கொடுத்த அம்மா. நான் கூடத்துச் சீருடையிலேயே போனேன். துணி மூட்டையைப் பாய்லர்காரர் தலையில் சுமந்துகொண்டு வந்தார், வாசலில் இருந்த காவலாளி அவரைத்தான் முதலில் விசாரித்தான். வருட வரிசையில் பதினெட்டையும் மேசை மேல் பரப்பினோம். முதலில் மெத்தை உறை, பிறகு போர்வை, திரை, தொட்டில் விரிப்பு, தலையணை உறை. ஆஸ்பத்திரிப் பொறுப்பாளர் இவை எங்கள் துணிதான் என்று கையெழுத்திட்ட தாளும் இருந்தது.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த இளம் அதிகாரி கேட்டார், "பதினேழுன்னு போட்டிருக்கு, சரி. பதினேழு இவங்கதான்னு என்ன நிச்சயம்? நடுவுல வேற யாராவது பதினேழா இருந்திருக்கலாமே?"

மடிப்புக்காரி எழுந்துவிட்டாள். "இருந்திருக்கலாம் சார். அவளுக்கும் இடது கையா இருந்திருந்தா."

சாதாரணமாக எல்லாரும் தைத்தால் தையல் ஒரு பக்கம் சாயும். நான் தைத்தால் அதற்கு எதிர்ப்பக்கம் சாயும். எங்கள் கூடத்தில் இடது கையால் தைத்தவள் நான் ஒருத்திதான். அதிகாரி அம்மா ஒவ்வொரு துணியாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஊசி வச்சிருக்கீங்களா?"

ஊசி இல்லாமல் நான் எங்கே போயிருக்கிறேன்? "துணிதான் இல்லம்மா. உங்க ஜன்னல் திரை அங்க கிழிஞ்சிருக்கு, அதைத் தைக்கட்டுமா?"

இளம் அதிகாரி பதறினார். "அது அரசாங்கச் சொத்து."

"கிழிஞ்ச சொத்துதான, தைக்கட்டும்" என்றார் அந்த அம்மா.

ஜன்னல் ஓரமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நூல் முதல் தடவை ஊசிக் காதில் ஏறவில்லை. அது அதிகாரிகளைப் பார்த்து இல்லை, உங்கள் கடிதத்தினால். ஊசி துணிக்குள் போனதும் கை தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. கிழிசலை மூடி, ஓரத்தில் பதினேழு போட்டு, கீழே இந்த வருடத்தையும் போட்டேன். மூன்று அதிகாரிகளும் எழுந்து வந்து என்னைச் சுற்றி நின்றார்கள். அந்த அம்மா மெத்தை உறையைக் கொண்டுவந்து திரையின் பக்கத்தில் வைத்தார். முதல் வருடமும் இந்த வருடமும். இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன.

"பதினெட்டு வருஷத்துல தையல் கொஞ்சம் நேராயிருக்கு" என்றார். பேனாவை எடுத்துக் கட்டம் பதினெட்டிலும் குறி போட்டார். அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாகப் போட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"நீங்க இருந்தீங்க."

உங்கள் தம்பி போன பிறகு நான் இவ்வளவு அழுதது அன்றைக்குத்தான். மடிப்புக்காரி அதட்டினாள், "ஜெயிச்சுட்டு அழறா பாரு." அவளும் அழுதாள். பாய்லர்காரர் மட்டும், "அப்ப என் உறையத் திருப்பித் தருவாங்களா?" என்று இளம் அதிகாரியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

உறுதிமொழி ஜூலை 4.

சிட்டு

ஜூன் 15

சிட்டு,

தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். தபால்காரருக்கு நிற்க வைத்தே வாசித்துக் காட்டினேன். "அப்ப அந்தத் திரை இன்னும் அங்கயே தொங்குதா?" என்று கேட்டார். தொங்கத்தான் செய்யும், எங்கள் வீட்டுப் பெண் தைத்தது லேசில் பிரியாது என்றேன்.

நீ நான் எழுதியதற்குப் பதில் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று கேட்கவும் எனக்கு வாய் இல்லை. நான் செய்ததைச் சொல்கிறேன்.

வார்டு அலுவலகத்துக்குப் போய் மனுவில் என் கையெழுத்தை அடித்துவிட்டு வந்தேன். நோட்டுக்காரனிடம், "பேரு அவங்களோடது. ஞாயித்துக்கிழமை வா, அவங்களே சொல்வாங்க, நான் பக்கத்துல உக்காந்திருப்பேன். நீ எழுதற ஒவ்வொரு தாளுக்கும் எனக்கு ஒரு ஜெராக்ஸ் வேணும்" என்றேன். வந்தான். எல்லாவற்றையும் இரண்டிரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அவர்கள் கையில் கொடுத்தேன். இரண்டு குடும்பத்துக்கு வசிப்புச் சீட்டு வந்துவிட்டது. மற்றவர்களுக்கு இழுத்தடிக்கிறார்கள். தெருவில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. குழாயடியில் இப்போதும் அவர்கள் குடம்தான் முதலில் நிற்கிறது, அதற்கு நான் தனியாகச் சண்டை போடுகிறேன்.

கொடுத்த கை பிடுங்கும் என்று முதலில் எழுதினேன். அதை இப்போதும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் உன்னுடையது யாரும் கொடுத்தது இல்லையே. நீ தைத்தது.

பாப்பாக்கா

ஜூலை 6

பாப்பாக்கா,

ஆயிற்று.

பெரிய கூடம். நூற்றுக்கு மேல் ஆட்கள், எத்தனையோ முகம், எத்தனையோ நிறம். என் முறை வந்தது. மேடையில் இருந்தவர், "உங்க முழுப் பேரைச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். "இன்னும் கொஞ்சம் சத்தமா" என்றார். பத்தொன்பது வருடத்தில் என் பெயரை இரண்டாவது தடவை சொல்லச் சொல்லி யாரும் கேட்டதில்லை. என் அப்பா வைத்த பெயரை, உங்கள் தம்பி வீட்டுக்குள் மட்டும் கூப்பிட்ட பெயரை, பின்வரிசையில் நின்ற காவலாளி திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன். மடிப்புக்காரி விசிலடித்தாள். அங்கே விசிலடிக்கக் கூடாதாம். வெளியே அனுப்பிவிட்டார்கள். "பரவால்ல, நான் எங்க போனாலும் என் ஊர்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் கூடத்தில் அவள் பொறுப்பாளர் முன்னால் போய் நின்றாள். "இவளுக்கு இனிமே நம்பர் கிடையாது. இவளுக்கு இல்லன்னா யாருக்கும் கிடையாது" என்றாள். நாங்கள் இருபத்தாறு பேரும் ஊசியையும் இஸ்திரியையும் கீழே வைத்துவிட்டோம். அன்று மத்தியானத்துக்குள் பதிவேட்டில் இருபத்தாறு பெயரும் ஏறிவிட்டது. "இப்ப உனக்கு ஓட்டு இருக்கு. காண்டிராக்ட ஒழிக்கச் சொல்லிப் போடு" என்கிறாள் என்னிடம்.

பாய்லர்காரரிடம், "என்ன அண்ணே, நான் உள்ள வந்தாச்சு. கதவைச் சாத்திடலாமா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "இன்னும் ஒரு மாசம் தொறந்திருக்கட்டும். என் மச்சான் பையன் மனுப் போட்டிருக்கான்" என்றார்.

டிக்கெட் எடுத்துவிட்டேன். ஆகஸ்ட் 9 வருகிறேன். போகவும் வரவும் சேர்த்து எடுத்திருக்கிறேன். ஒரு மாதம் உங்களோடு இருப்பேன். பிறகு கிளம்புவேன், என் இஷ்டத்துக்கு. நீங்களும் உங்கள் இஷ்டத்துக்கு ஒருமுறை இங்கே வந்து உங்கள் தம்பியைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். அழைக்கிற உரிமை இப்போது எனக்கு இருக்கிறது.

இப்போது அந்த விஷயம். ஒரு மாதமாக மனதில் போட்டுப் புரட்டினேன். முதலில் கோபம்தான் வந்தது. பதினெட்டு வருடம் நான் பெயரில்லாதவளாக இருந்தது உங்கள் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தையால் என்று நினைத்தால் யாருக்குத்தான் வராது? அப்புறம் வாசலில் தம்பிக்குத் தலை வாரிக்கொண்டிருந்த பதினொரு வயதுப் பெண் கண்முன் வந்தாள். அவளிடம் என்னால் கோபப்பட முடியவில்லை.

நீங்கள் கப்பலில் வந்து இறங்கியபோது உங்களுக்கு வீடு கொடுத்தது எங்கள் தெருவில். அப்போது நான் பிறக்கவே இல்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து உங்கள் வீடு கப்பல்காரர் வீடு. என்னைப் பெண் கேட்டு எங்கள் படியேறியபோதுகூட அம்மா உள்ளே வந்து, "கப்பல்காரர் வீட்டுப் பையன்டி" என்றுதான் சொன்னாள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுத்த மாதம் கல்யாணம்.

நீங்கள் எழுதிய நான்கு பெயரால் உங்கள் அப்பாவுக்கு வீடு போனது. அது எனக்குத் தெரிகிறது. அந்த நான்காவது பெயர்தான் என் வீடாக இருந்தது. நீங்கள் ஐம்பது வருடமாக அதை ஒரு பக்கமாகவே பார்த்துவிட்டீர்கள். நான் வருவதற்குள் மறுபக்கமும் ஒருமுறை பாருங்கள், பாப்பாக்கா. அந்த நோட்டில் நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால், அவர் எனக்குக் கிடைத்திருப்பாரா?